கூவத்தில் மொண்ட கரகம்

எங்கள் ஊரில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் ஒன்று இருக்கிறது. திருமழிசையைத் தாண்டி, கூவத்துக் கரையில். சுற்றுச்சுவர், இரும்பு கேட், பெயர்ப்பலகை எல்லாம் அம்சமாக இருக்கும். சுத்திகரிப்பு மட்டும் கிடையாது. ஒருநாள் மோட்டார் புகைந்தது, ஒப்பந்தம் எடுத்தவர்களைக் காணோம், கேட்டில் பூட்டு ஏறியது. அங்கே இன்றைக்கும் ஒழுங்காக வேலை பார்ப்பது அந்தப் பூட்டு ஒன்றுதான்.

அங்கே மோட்டார் ஆபரேட்டராக இருந்தவர் என் அண்ணன். நிலையம் மூடிய பிறகு பாடியில் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி. பஸ் மாறிப் போய், வருகிற போகிற காருக்கெல்லாம் சல்யூட் அடிக்கிறார். வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது. அண்ணி யாரிடமும் போய் நிற்கவில்லை, நேராக அம்மனிடம் போனாள். நிலையம் திறக்க வேண்டும், அவர் பழைய வேலைக்குத் திரும்ப வேண்டும், அதற்காக ஆடியில் கரகம் எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாள். சாக்கடைக்காக வேண்டுதல் வைத்த முதல் பக்தை அவளாகத்தான் இருப்பாள்.

கரகச் செம்பில் ஆற்றுத் தண்ணீர்தான் நிரப்ப வேண்டும். அது எங்கள் ஊர் வழக்கம். ஆறு கறுத்துப்போன பிறகு, நிலையத்திலிருந்து வெளியே வரும் குழாயில் பிடித்தார்கள். ஆத்தாளே சுத்திகரிக்கப்பட்டு வந்த காலம் அது. நிலையமும் மூடியதும் விழாக் கமிட்டி மூளையைக் கசக்கி ஒரு வழி கண்டுபிடித்தது. கேன் தண்ணீரைக் கரைக்குத் தூக்கிப் போவார்கள், ஆற்றுக்குக் கற்பூரம் காட்டுவார்கள், மூடியைப் பிரித்துச் செம்பில் ஊற்றிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். ஊர் வீடுகளின் கழிவையெல்லாம் லாரி லாரியாக ஆற்றில் கொட்டிவிட்டு, சாமிக்கு மட்டும் மினரல் வாட்டர். எங்கள் பக்தியில் யாரும் குறை சொல்லிவிட முடியாது.

அண்ணி கரகம் எடுத்த அன்றும் கரையில் கமிட்டித் தலைவர் கேனோடு தயாராக நின்றார். அண்ணி செம்பைக் கொடுக்கவில்லை.

“சாமி ஆத்துல கீதா, கேன்ல கீதா அண்ணாத்தே?”

“அதுக்கு இன்னாம்மா பண்றது? அதுல காலு கூட வெக்க முடியாது.”

“அப்பால என் வேண்டுதல் பொய்யா பூடும். நான் எறங்குறேன்.”

இறங்கிவிட்டாள். முழங்கால் வரை கறுப்புத் தண்ணீரில் நின்று, நுரையைக் கையால் தள்ளி, செம்பு நிறைய மொண்டாள். அவள் கரையேறக் கை கொடுத்தேன்.

தலைவருக்கு வியர்த்துக் கொட்டியது. “எவன்கிட்டயும் மூச்சு உடாதீங்கப்பா” என்று எங்களை மிரட்டினார். செம்பில் மஞ்சளைக் கொட்டி, வாயை வேப்பிலையால் அடைத்து, ஊர்வலம் முழுக்கச் சாம்பிராணிப் புகை போட்டார். கேன் தண்ணீரை மேளக்காரர்கள் குடித்துத் தீர்த்தார்கள். வழிநெடுகப் பெண்கள் குடம் குடமாக அண்ணியின் காலில் ஊற்றிக் கும்பிட்டார்கள். கறுப்புச் சேறு போன இடம் தெரியவில்லை.

கோயில் வாசலில் கரகத்தை இறக்கி, அந்தத் தண்ணீரை வேப்பிலையால் கூட்டத்தின்மேல் தெளிக்க வேண்டும். முகத்தைக் காட்ட அடிதடி நடந்தது. அண்ணி ஒரு வீச்சு வீசினாள்.

“ஐயோ, கூவம்டா!” என்று எவனோ அலறினான்.

அப்புறம் நடந்த ஓட்டத்தைப் போலீஸ் தடியடியில்கூட நான் பார்த்ததில்லை. தலைவர் எப்போதோ மறைந்திருந்தார். தாம்பாளம் ஏந்தி அண்ணி பக்கத்தில் நின்ற எனக்குத்தான் ஓட வழியில்லை.

“இன்னாத்துக்கு ஓட்றீங்க? அல்லாம் உங்க ஊட்டுத் தண்ணி தானே!” என்று அண்ணி கத்தினாள்.

யாரும் திரும்பவில்லை. வேலை முடிந்து அப்போதுதான் வந்த அண்ணன் மட்டும், செக்யூரிட்டி சட்டையோடு, காலி வாசலைக் கடந்து அவள் முன்னால் வந்து தீர்த்தத்துக்குத் தலையைக் குனிந்தார்.