பூவரசனின் புருவம்

"என் கண்ணுல தண்ணியப் பாத்த ஆளு இந்தத் திண்டிவனத்துல இன்னும் பொறக்கல" என்று பூவரசன் அறிவித்தது மல்லாட்டை மண்டியில், சுமார் முப்பது நிலக்கடலை மூட்டைகளின் முன்னிலையில். மூட்டைகள் மறுக்கவில்லை. கூட மூட்டை தூக்குகிறவர்களுக்கும் மறுக்க வழியில்லை. பதினோரு வருடமாக மேல்மலையனூர் அம்மன் திருவிழாவில் கன்னத்தில் அலகு குத்திக்கொண்டு இமைக்காமல் நின்றவர் அவர். மாவட்டத்திலுள்ள வலியெல்லாம் அவரிடம் வந்து தோற்றுத் திரும்பியதாகத்தான் மண்டியின் வரலாறு.

அவர் மனைவி காந்திமதி ஆறு மாதமாக விழுப்புரத்துக்கு பஸ் ஏறிப்போய் அழகுக்கலை கற்றுக்கொண்டிருந்தார். கடைசிப் பரீட்சை, நூலால் புருவம் திருத்துவது. தேறினால் திண்டிவனத்தில் ஒரு பியூட்டி பார்லரில் வேலை காத்திருந்தது. தவறினால் மறுபடியும் ஆறு மாதம் பஸ். புருவத்துக்கு ஆளை அவரவரே கூட்டிவர வேண்டும். காந்திமதி எதிர்வீட்டுக் கலைப்பிரியாவிடம் சொல்லி வைத்திருந்தார். பரீட்சையன்று காலை கலைப்பிரியா கறுப்புக் கண்ணாடியோடு வந்து நின்றாள். மெட்ராஸ் ஐ.

அவசரத்துக்குக் கைவசம் இருந்த புருவங்கள் பூவரசனுடையவைதாம். அவையும் இரண்டல்ல, நடுவில் கூடி ஒன்றாகிவிட்டவை.

"கம்பியவே பாத்தவன் நானு. நூலு இன்னா பண்ணிடும்?" என்றார் பூவரசன்.

தமக்குத் தெரிந்த முறையிலேயே தயாரானார். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. குளித்து, மஞ்சள் வேட்டி கட்டி, அலகு குத்தும் இடத்தில் அப்புவதுபோலப் புருவத்தின்மேல் விபூதியை அப்பிக்கொண்டார். நூல் வழுக்காமலிருக்கப் பவுடர் போடுவது அந்தத் தொழிலில் வழக்கம். விழுப்புரத்தில் பரீட்சை வைக்க வந்த சவுரியம்மாள் மேடம் அவர் நெற்றியைப் பார்த்து, வீட்டிலேயே பவுடர் போட்டுக் கூட்டிவந்தது நல்ல பழக்கம் என்று ஒரு மார்க் கூடவே போட்டார். காந்திமதி திருத்தவில்லை.

நாற்காலியில் பூவரசன் சாய்ந்தார். காந்திமதி நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, நடுவில் முறுக்கி, விரல்களை விரித்தார். சரக். ஐந்தாறு மயிர் போயிற்று. கூடவே அந்தப் பதினோரு வருடமும்.

அலகென்றால் ஒரே குத்து. பம்பை அடிப்பார்கள், கூட்டம் கத்தும், மிச்சத்தை அம்மன் பார்த்துக்கொள்வாள். இங்கே நொடிக்கு மூன்று குத்து, சத்தத்துக்கு ஒரு ஃபேன்.

"செல்லுலயாச்சும் பம்பை போட்டு வுடேன்" என்று முனகினார். வாயில் நூல் இருந்ததால் காந்திமதி பதில் சொல்லவில்லை. கல்யாணமான இருபது வருடத்தில் அது முதல் தடவை.

இடது புருவம் முடிவதற்குள் கண்ணீர் இரண்டு காதையும் நிரப்பிவிட்டது. விபூதி அதில் குழைந்து, தோல் எது சாம்பல் எது என்று தெரியவில்லை. சவுரியம்மாள் பேனாவைத் திறந்துகொண்டு வந்தார். நூல் தோலை அறுத்துவிட்டால் பரீட்சை அத்தோடு முடிந்தது, அது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

"தோல் அறுந்துபோச்சாம்மா? மனுசன் இப்படி அழறாரு."

காந்திமதி நூலைக் கடித்தபடியே இல்லையென்று தலையை ஆட்டினார். பேனா காகிதத்தை நோக்கி இறங்கியது. பரீட்சைக்கு வந்த பெண்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மண்டியில் எடை போடுகிற குமரேசனின் மனைவி வேணியும் அவர்களில் ஒருத்தி. அவள் காதில் விழுந்தது சாயங்காலத்துக்குள் கடைசி மூட்டைவரை போய்ச் சேர்ந்துவிடும்.

பூவரசன் தொண்டையைச் செருமினார்.

"அறுக்கலங்க மேடம். அது சரியாத்தான் பண்ணிக்கினு இருக்குது. நான்தாங்க... வலி தாங்க மாட்டேன். சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்."

சொல்லிவிட்டு, வலது புருவத்தின் தோலை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்துக் கொடுத்தார்.