வேம்பாரில் கல்லறைத் திருநாள்

என் தம்பி கடைசியாகப் பேசியது வேம்பாரிலிருந்து. "வேம்பார் எண்டு ஒரு ஊரில நிக்கிறன் அக்கா. இண்டைக்கு இரவு படகு ஏறுறம். போய்ச் சேர்ந்த உடன எடுக்கிறன்" என்றான். யாழ்ப்பாணத்திலிருந்து சுற்றுலா விசாவில் இந்தியா போய், அங்கிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் படகேறியவர்களில் அவனும் ஒருவன். அந்தப் படகு எங்கும் போய்ச் சேரவில்லை. உடைந்த பலகை ஒன்று ஒதுங்கியதாகக்கூடத் தகவல் இல்லை.

பத்து வருடங்களுக்கு மேலாக அம்மா அந்த ஊரின் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் நானே விசா எடுத்துப் புறப்பட்டேன். தூத்துக்குடியில் ஒரு லாட்ஜில் தங்கி, துறைமுகத்தின் பக்கமெல்லாம் கேட்டுத் திரிந்தேன். என் கையிலிருந்த தம்பியின் படத்தை எல்லோரும் மரியாதையாகப் பார்த்தார்கள், மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்கள். பிறகு ஒரு காலை, கடற்கரைச் சாலை பஸ் பிடித்து வேம்பாருக்குப் போனேன்.

கரையில் படகுகள் ஏறிக் கிடந்தன. மனிதர்களைக் காணவில்லை. தெருமுனை இட்லிக் கடையும் பாதி சாத்தியிருந்தது. உள்ளே ஒரு பெண் கூடையில் செவ்வந்திப் பூவை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு யாரும் கடலுக்குப் போவ மாட்டாவ தங்கச்சி. கல்லறைத் திருநாள்லா" என்றார்.

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "தெரியலியே. அப்பம் எத்தனையோ பிள்ளைய வந்தாவ, போனாவ. மொகத்த யாரு பாத்தா?" பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வா, பெரியாளுவ எல்லாம் கல்லறைத் தோட்டத்துலதான் இருப்பாவ. கேட்டுப் பாப்போம்" என்றார்.

நாங்கள் சைவர்கள். எங்கள் ஊரில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. அப்பாவைக் கொண்டுபோனபோதுகூட நான் வாசல் படலையோடு நின்றுவிட்டவள். இங்கேயோ பெண்களும் பிள்ளைகளுமாகக் கல்லறைத் தோட்டம் நிறைந்திருந்தது. புதிதாக வெள்ளையடித்த சிலுவைகள், பூ, ஊதுவத்திப் புகை. கல்லறை விளிம்பில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டே ஊர்க்கதை பேசினார்கள். யார் எங்கே கிடக்கிறார் என்று தெரிந்தவர்களின் நிம்மதி அது. எனக்குப் பொறாமையாக இருந்தது.

பெரியவர்கள் படத்தைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். "நல்ல லட்சணமான பையன்" என்றார் ஒருவர். ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை.

தோட்டத்தின் நடுவே ஒரு பெரிய சிலுவை. அந்தப் பெண் என்னை அங்கே கூட்டிப் போனார். "உடம்பு கெடைக்காதவங்களுக்கு இங்கனதான் ஏத்துவோம்." அவருடைய கணவர் புயலில் போனவர். வள்ளம் மட்டும் வந்ததாம். பையிலிருந்து மெழுகுவர்த்தி எடுத்து ஏற்றி, அடி வெட்டிய தண்ணீர் பாட்டிலைக் காற்றுக்கு மறைவாக அதன்மேல் வைத்தார். இன்னொன்றை என்னிடம் நீட்டினார்.

"உன் தம்பிக்கு ஏத்து."

"அவன் செத்திட்டான் எண்டு ஆரும் சொல்லேல்லை அக்கா."

"எனக்கு மட்டும் யாரு சொன்னா? ரொம்ப வருசம் நானும் ஏத்தாமத்தான் இருந்தேன்."

"ஏத்தினாப் பிறகு மனம் ஆறினதோ?"

"இல்ல. ஏத்துனாலும் அதே, ஏத்தாட்டாலும் அதே. ஊரே இங்க வரும்போது ஒத்தையா வீட்ல கெடக்க முடியல. அம்புட்டுதான்."

பாதிரியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே எங்கள் பக்கம் வந்தார். ஒவ்வொருவரும் தங்கள் ஆளின் பெயரை உரக்கச் சொல்ல, அவர் அதைத் திரும்பச் சொல்லி ஜெபித்தார். அந்தப் பெண் கணவரின் பெயரைச் சொன்னார். பாதிரியார் என்னைப் பார்த்தார். செத்தவர்களின் வரிசையில் தம்பியின் பெயரை நானே எப்படிச் சேர்ப்பது? வேண்டாம் என்று தலையசைத்தேன். அவர் அடுத்தவரிடம் போனார்.

மெழுகுவர்த்தியைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பெண்ணுக்குக் கோபம் வரவில்லை. "சரி, விடு. கடல்ல போனவங்க எத்தனை பேரு. யாருக்காச்சும் இருக்கட்டும்" என்று, தன் சுடரில் அதைப் பற்றவைத்து நட்டார். அது என் தம்பிக்கு ஏற்றியதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அதைப் பார்க்கவும் முடியவில்லை, விட்டுவிட்டு நகரவும் முடியவில்லை. மழை தூறத் தொடங்கிய பிறகுதான் அவர் என் கையைப் பிடித்து பஸ் நிறுத்தத்துக்குக் கூட்டி வந்தார்.

மாலையில் லாட்ஜுக்கு அம்மாவின் அழைப்பு வந்தது.

"ஆரும் கண்டவையோ?"

"இல்லையம்மா."

"நீ வடிவாக் கேட்டிருக்க மாட்டாய். பக்கத்து ஊருகளிலயும் கேள்."

கேட்டேன். விசா முடியும் வரை கரையோரம் ஊர் ஊராகப் போனேன். ஒருவரும் அவனைக் கண்டதில்லை. வீடு திரும்பிய அன்று, நான் பெட்டியைத் திறக்கும் முன்பே அம்மா கேட்டார், "அடுத்த வருசத்துக்கு எப்ப விசா போடலாம்?"

"தை மாசம் போடுவம் அம்மா" என்றேன். வேறு என்ன சொல்ல?