தண்ணீர் இல்லை என்று மின்னிய பெட்டி

மல்லசமுத்திரத்தில் ரிக் வண்டி வைத்து ஆழ்துளைக் கிணறு போட்டுவந்த சென்னிமலை எல்லாவற்றுக்கும் சகுனம் பார்த்தார். மாரடைப்புக்கு மட்டும் பார்க்க நேரம் கிடைக்கவில்லை. துளை போடும் முன் செய்யும் பூசை முடிவதற்குள் ‘தண்ணீர் இல்லை’ என்று யாராவது சொல்லிவிட்டால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவார்.

அப்படிப்பட்டவருக்கு மகள் ரஞ்சிதா இணையப் பக்கம் செய்து கொடுத்தாள். திறந்ததுமே ஒரு பெட்டி மின்னி மறைந்தது: ‘தண்ணீர் இல்லை என்றாலும் முழுக் கட்டணம் உண்டு.’ விதிமுறைப் பொத்தானைத் தொட்டால் மட்டும் வரவேண்டிய பெட்டி. பார்த்த விவசாயிகள் அடுத்த ரிக்காரரிடம் போனார்கள். வண்டி சும்மா நின்றது.

“ஏஞ்சாமி, அப்பன் பொழப்புக்கு நீயே சூனியம் வெக்கறியா?”

“அரை நொடிதானுங்கப்பா. மறைக்கற புரோகிராம் வந்து சேர்றதுக்குள்ள பெட்டி முந்திக்குது.”

“அபசகுனத்துக்கு அரை நொடி பத்தாதாக்கும்?”

ரஞ்சிதா பக்கத்தின் தொடக்கத்திலேயே ஒரு வரி சேர்த்தாள்: புரோகிராம் வந்து திறக்கும்வரை பெட்டி மறைந்தே இருக்கட்டும். மின்னுவது நின்றது. சென்னிமலை நம்பவில்லை. அவளுடைய லேப்டாப்புக்கு எலுமிச்சம்பழம் சுற்றி, அந்தப் பழத்தை ரிக் சக்கரத்தடியில் வைத்து நசுக்கச் செய்தார்.

மறுநாளே ஜேடர்பாளையத்திலிருந்து ஒருவர் பக்கத்தைப் பார்த்துவிட்டு போர் போடக் கூப்பிட்டார்.

“பாத்தியா, பழம் வேலை செய்யுது,” என்றார் சென்னிமலை.

“நான் எழுதுன வரிங்கப்பா அது.”

“அதும் ஒரு பக்கம் இருந்துட்டுப் போகுது, உடு.”

மாரடைப்பில் போய்ச் சேரும்வரை ஊரெல்லாம் பழத்தின் பெருமையைத்தான் சொன்னார். இனி ரஞ்சிதா வாதாட ஆளும் இல்லை.