அண்ணி விட்ட பிடி

எங்கள் அண்ணிக்கு உடும்புப்பிடி என்று அண்ணன் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவான். பெருமையா புகாரா என்று கேட்டால் இரண்டும்தான் என்பான். இரண்டு பேரும் சேர்ந்து திரைச்சீலைக் கடை வைத்திருந்தார்கள். அவன் வீடு வீடாகப் போய் ஜன்னலை அளந்து கம்பி மாட்டுவான், அண்ணி தைப்பாள். நான் பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டு, வேலை முடிந்ததும் அங்கே போய் வம்பளப்பேன்.

கடைக்கு மேல்மாடியில் ஜூஜுட்சு சொல்லித்தரும் கூடம் ஒன்று வந்தது. தலைக்கு மேலே நாள் முழுக்கத் தொம் தொம்மென்று ஆள் விழுகிற சத்தம். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அண்ணன் ஒரு சாயங்காலம் சண்டை போட மாடி ஏறினான். இறங்கும்போது கையில் வெள்ளைச் சட்டையும் பெல்ட்டும் இருந்தன. சண்டைக்குப் போனவன் சேர்ந்துவிட்டு வருகிறானே என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். கொஞ்ச நாளில் அண்ணியும் சேர்ந்துவிட்டாள். இவரைத் தனியாக விட்டால் எவனாவது கழுத்தை ஒடித்துவிடுவான் என்பது அவள் சொன்ன காரணம்.

அந்த விளையாட்டில் அடி உதை கிடையாது. தரையில் கட்டிப் புரண்டு, எதிராளியின் கையையோ கழுத்தையோ பூட்டுப் போட்டு மடக்க வேண்டும். தாங்க முடியாதவர் மற்றவர் உடம்பில் இரண்டு தட்டு தட்டுவார். தட்டியதும் விட்டுவிட வேண்டும், அங்கே அதுதான் முதல் சட்டம். இந்தச் சட்டத்தை இரண்டு பேரும் கடைக்கும் இறக்கிக் கொண்டுவந்துவிட்டார்கள். வாய்ச்சண்டை முற்றினால் யாராவது ஒருவர் அடுத்தவர் முதுகில் இரண்டு தட்டு தட்டுவார். தோல்வியை ஒப்புக்கொண்டாயிற்று, அதற்குமேல் ஒரு வார்த்தை பேசக் கூடாது, தட்டியவர் டீ போட வேண்டும். பெரும்பாலும் அண்ணன்தான் தட்டுவான். டீ போடாமல் நழுவுவதும் அவன்தான்.

கடைசிச் சண்டை ஒரு ஜன்னல் அளவைப் பற்றியது. ஒரு சாண் குறைத்து அளந்து தொலைத்துவிட்டான், துணி முழுக்கப் பாழ். அண்ணி மிஷினில் குனிந்தபடியே அவனைப் பிடி பிடி என்று பிடித்தாள். பின்னாலிருந்து முதுகில் இரண்டு தட்டு விழுந்தது. வந்தீங்களா வழிக்கு என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே, சட்டப்படி வாயை மூடிக்கொண்டு, அந்த மடிப்பை ஓரம் வரைக்கும் தைத்து முடித்தாள். அப்புறம் திரும்பினாள். அண்ணன் துணி உருளைகள் மேல் சாய்ந்து கிடந்தான். மாரடைப்பு. அவன் தோற்றுப்போய்த் தட்டவில்லை, கூப்பிட்டிருக்கிறான். உடனே பார்த்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று டாக்டர் சொன்னார். அண்ணி நம்பவில்லை. உள்ளதைச் சொன்னால் நானும் நம்பவில்லை.

அதற்கப்புறம் அந்தத் தட்டு அவளை விடவே இல்லை. மிஷினில் உட்கார்ந்தால், பாத்திரம் கழுவினால், பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றால், முதுகில் இரண்டு தட்டு. ஒவ்வொரு தடவையும் வெடுக்கென்று திரும்புவாள், யாரும் இருக்க மாட்டார்கள். என்னிடம் மட்டும்தான் சொன்னாள். டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். மாத்திரை கொடுத்தார். தூக்கம் வந்தது, தட்டும் வந்தது. கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். தட்டினால் திரும்புவதில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு செய்கிற வேலையைச் செய்வது. நானும் அதுதான் சரி என்றேன்.

வினை மாடியில் வந்து சேர்ந்தது. ஒருநாள் பயிற்சியில் ஒரு பெண்ணின் கையைப் பூட்டியிருந்தாள். அந்தப் பெண் தட்டினாள், அண்ணி விடவில்லை. மறுபடி தட்டினாள், அலறினாள். மாஸ்டர் ஓடிவந்து பிரித்தபோது அண்ணி பேயறைந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். எது நிஜத் தட்டு, எது அவன் தட்டு என்று அவளுக்குத் தெரியாமல் போயிருந்தது. அந்தப் பெண்ணுக்கு முழங்கை வீங்கிவிட்டது.

மாஸ்டர் தங்கமான மனிதர், ஆனால் இதில் அவர் எப்படி விட்டுக்கொடுப்பார்? இனி மாடிக்கு வராதீங்க என்றுவிட்டார். அன்றைக்கு அண்ணி அழுத அழுகையை அண்ணன் செத்த அன்றுகூட நான் பார்க்கவில்லை. அந்த மனுஷன் விழுந்து புரண்டு சிரித்த இடம் அது ஒன்றுதான் மிச்சம், அதுவும் போய்விட்டால் நான் எங்கே போவேன் என்று கேட்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை. மாஸ்டரிடம் அந்தத் தட்டு விஷயத்தைச் சொல்லி, அவருடைய உயிரை வாங்கி ஒரு வாய்ப்புக் கேட்டேன். வரப்போகிற போட்டியில் நடுவர் பக்கத்திலேயே நிற்பார், அங்கே ஆடட்டும் என்றார். ஒழுங்காக விட்டால் மறுபடி மாடிக்கு வரலாம், இல்லையென்றால் பெல்ட்டைக் கழற்றிவிட வேண்டியதுதான். எனக்கும் ஒரு வேலை வைத்தார். எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எதிராளியின் கைகளை மட்டும் பார்க்க வேண்டும், தட்டினால் விடச் சொல்லிக் கத்த வேண்டும்.

"கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாரும்மா. அவங்க முதுகை நம்ப முடியாது, உன் கண்ணைத்தான் நம்பணும்" என்றார்.

போட்டி ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டுக் கூடத்தில் நடந்தது. தைல வாசனை, வியர்வை வாசனை, வெறுங்காலோடு அங்குமிங்கும் அலைகிற கூட்டம். அண்ணிக்கு எதிரே வந்தவள் பேக்கரியில் மாவு பிசைகிறவளாம். முன்கை ஒவ்வொன்றும் உலக்கை மாதிரி இருந்தது. பாவம் அண்ணி என்று நினைத்தேன்.

முதலில் பேக்கரிக்காரிதான் அண்ணியைக் கவிழ்த்தாள். அண்ணி அடியிலிருந்து நழுவி அவள் முதுகுப்பக்கம் போனாள், இரண்டு கால்களாலும் இடுப்பைச் சுற்றிக்கொண்டாள். ஒருக்களித்து விழுந்த வாக்கில் அவள் சட்டைக் காலரைக் கழுத்துக்குக் குறுக்கே இழுத்தாள். அண்ணன் சொன்ன அதே உடும்புப்பிடி. நான் பேக்கரிக்காரியின் கைகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒரு கை அண்ணியின் காலுக்கடியில் சிக்கியிருந்தது. இன்னொன்று கழுத்தருகே காலருக்குள் மாட்டியிருந்தது. இரண்டும் அசையவில்லை. நடுவர் குனிந்து அவள் முகத்தைப் பார்க்க இந்தப் பக்கமாகச் சுற்றி வந்துகொண்டிருந்தார். தட்டு, தட்டித் தொலையேன் என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

அண்ணி விட்டுவிட்டாள்.

யாரும் தட்டவில்லை. நான் கத்தவும் இல்லை. சூடு பட்டவள் மாதிரி இரண்டு கைகளையும் விரித்துவிட்டு, கழுத்தைத் திருப்பித் தனக்குப் பின்னால் பார்த்தாள். அங்கே வெறும் பாய்தான் கிடந்தது. பேக்கரிக்காரி இருமினாள், புரண்டாள், பழக்கதோஷத்தில் அண்ணி மேல் ஏறி அழுத்திக்கொண்டாள். மணி அடித்தது. புள்ளிக் கணக்கில் நடுவர் பேக்கரிக்காரியின் கையைத் தூக்கினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜெயித்த ஆட்டத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வருகிறாளே! யாரும் தட்டலையே, நான் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன், எதற்கு விட்டீங்க என்று பிடித்துக்கொண்டேன். அண்ணி மூச்சு வாங்கிக்கொண்டு தண்ணீர் குடித்தாள்.

"உங்க அண்ணன் தட்டினாரு. இந்தத் தடவ உடனே விட்டுட்டேன்."

அதற்குள் பேக்கரிக்காரி வந்து நின்றாள். கழுத்தில் காலர் பதிந்த இடம் கன்றிச் சிவந்திருந்தது. அவளுக்குக் குரலே சரியாக வரவில்லை.

"நல்லவேள விட்டீங்கக்கா. கை ரெண்டும் மாட்டிக்கிச்சு, தட்ட முடியல. வாயும் வரல. கண்ணு இருட்டிக்கிட்டு வந்துடுச்சு."

பக்கத்தில் நின்ற மாஸ்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். யாரும் தட்டவில்லை என்று நான் தலையை ஆட்டினேன். நாளைக்கு மாடிக்கு வாங்க என்று மட்டும் அண்ணியிடம் சொல்லிவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போனார். எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்த இரண்டு கைகளையும் பார்த்தவள் நான்.

மறுநாள் கடைக்குப் போனேன். அண்ணி ஒரு நீளத் திரைச்சீலையின் ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள். பாதி மடிப்பில் மிஷினை நிறுத்தினாள். நிதானமாகத் திரும்பி, துணி உருளைகள் இருக்கிற பக்கம் பார்த்தாள்.

"சொல்லுங்க" என்றாள்.

கொஞ்ச நேரம் அப்படியே காத்திருந்தாள். முகத்தில் பயம் இல்லை. மாடியில் யாரோ தொம்மென்று விழுந்தார்கள். அப்புறம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து தைக்க ஆரம்பித்தாள். நான் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தேன். சட்டப்படி தட்டியவன்தான் டீ போட வேண்டும். ஆனால் எங்கள் அண்ணன் என்றைக்கு ஒழுங்காக டீ போட்டிருக்கிறான்?