எருமையா, எலியா: சுபிதாக்கா வாங்கிய லென்ஸ்

சுபிதாக்கா கேமராவைத் தூக்கினால் கப்பல் நடுக்கடலில் ஆடாமல் நிற்கும். அலை கரைக்கு வருவதற்கு முன் தலை வாரிக்கொள்ளும். கொசு கடிப்பதை நிறுத்திவிட்டு, எந்தப் பக்கம் திரும்பினால் தன் முகம் எடுப்பாக இருக்கும் என்று யோசிக்கும். செத்தவர்கள்கூட அவள் எடுத்து முடிக்கும்வரை அசையமாட்டார்கள்.

இதில் கடைசி ஒன்று மட்டும் உண்மை.

மரைன் ஹில் ஏற்றத்தில், துறைமுகம் தெரிகிற வளைவில் அவளுடைய ஸ்டுடியோ. முன்னறையில் பாஸ்போர்ட் போட்டோவுக்கு ஒரு திரை. பின்னறையில் கம்ப்யூட்டர், பிரிண்டர், ஒரு மர அலமாரி. அலமாரிக்குள் இருபத்துநாலு மணி நேரமும் ஒரு குண்டு பல்பு எரியும். இந்த ஊர் ஈரத்தில் அந்தச் சூடு இல்லாவிட்டால் கேமராவுக்கு உள்ளே பூஞ்சை பிடித்துவிடும். "இந்த வீட்டுல வெதுவெதுன்னு இருக்கிறது அது ஒண்ணுதான்" என்பாள் அக்கா. சிரிக்காமல் சொல்வாள்.

வயது நாற்பத்துநாலு. அப்பா தூத்துக்குடியிலிருந்து படகு இன்ஜின் பழுதுபார்க்க வந்தவர். அவர் இந்தத் தீவில் விட்டுப்போனது தூத்துக்குடிப் பேச்சும் இந்த வீடும்.

இங்கே ஒருவர் செத்துப்போனால் மெயின்லேண்டில் இருக்கிற சொந்தக்காரர்கள் வந்து சேர முடியாது. கப்பல் என்றால் மூன்று நாள், சில சமயம் நாலு. ஃப்ளைட் கிடைத்தால் மழை, மழை இல்லாவிட்டால் டிக்கெட் இல்லை. அதனால் முதலில் ஃபாதருக்கோ ஐயருக்கோ போன் போகும், அடுத்து சுபிதாக்காவுக்கு. மூக்கில் பஞ்சு வைப்பதற்குள் அவள் போய்விட வேண்டும். முகத்தைக் கிட்டத்தில், தெளிவாக, ஒரே ஒரு படம். அது அந்த நிமிஷமே போனில் அந்தப்பக்கம் போகும். அங்கே ஒரு மகளோ தம்பியோ அதைப் பார்த்து அழுது முடித்து, "சரி, எடுத்துருங்க" என்று சொன்ன பிறகுதான் இங்கே பெட்டியை மூடுவார்கள்.

முதல் முகத்துக்கு அக்காவும் கூட உட்கார்ந்து அழுதாள். பத்தாவது முகத்துக்கு வீட்டுக்கு வந்து குளித்தாள். நாற்பதுக்குப் பிறகு எண்ணவில்லை. சாவு விழுந்த துட்டி வீட்டு வாசலிலேயே டீ குடித்துவிட்டு, அடுத்த வேலைக்கு ஸ்கூட்டியை எடுத்தாள்.

ஜனவரியில் வண்டூரில் ஒரு கல்யாணம். அவள் எடுத்த படங்களில் பாதிக்கு மேல் ஃபோகஸ் காதில் இருந்தது, இல்லை பின்னால் நிற்கிற வாழைமரத்தில் இருந்தது. லென்ஸ் பழசு, அதன் மோட்டார் பிள்ளைப்பூச்சி மாதிரி கிர்ரென்று கத்தும். அதனால் அவள் ஃபோகஸ் வளையத்தைக் கையால் திருப்பியே பழகியிருந்தாள். திருப்பி முடிக்கிறவரைக்கும் ஆள் அசையாமல் இருப்பார் என்று கை நம்பிவிட்டது. கல்யாண வீட்டில் யார் அசையாமல் இருக்கிறார்கள்?

பெண்ணின் அம்மா ரெங்கம்மா ஆல்பத்தைத் திருப்பிக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். "பளிச்சுன்னு இருக்கிற நாலு படத்திலயும் எல்லாரையும் பொணமாட்டம் எடுத்திருக்கியேம்மா."

"ஆமா," என்றாள் அக்கா. ரெங்கம்மா சொன்னது ஊரெல்லாம் சுற்றியது. அதற்குப் பிறகு செத்தவர்கள் வீட்டிலிருந்து மட்டும்தான் போன் வந்தது.

ஆகஸ்டில் அவள் சித்தப்பா மகன் அருள்நாதன் வந்தார். வண்டூரில் டூரிஸ்ட் படகு ஓட்டுகிறவர். அவர் மகள் கிரேசிக்கு அந்த மாதம் இரண்டாம் ஞாயிறு கல்யாணம்.

"வீட்டுல எல்லாரும் வேற ஆளைப் பாருன்னுதான் சொல்லுதாங்க," என்றார் மறைக்காமல். "கிரேசிதான் அத்தை எடுத்தா எடுக்கட்டும், இல்லாட்டி போட்டோவே வேண்டாம்னு சொல்லுதா. நீ என்னம்மா சொல்லுத?"

"வியாழக்கிழமை சொல்லுதேன்."

வியாழக்கிழமைக்குக் காரணம் டேவிட். சென்னையில் கேமரா விற்கிற கடையின் ஆள். அக்கா புது லென்ஸ் ஒன்று வாங்க நினைத்திருந்தாள். இங்கே லென்ஸை வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கக் கடை கிடையாது. தபாலில் வரவழைத்தால் போச்சு, வந்ததுதான். அதனால் டேவிட் வேறு வேலையாக வரும்போது இரண்டு லென்ஸைப் பையில் போட்டுக்கொண்டு வந்து கொடுத்தார். திங்கள் முதல் புதன் வரை போட்டுப் பார்க்கலாம். வியாழன் காலை ஃப்ளைட்டில் ஒன்று திரும்பிப் போய்விடும்.

இரண்டும் முகம் எடுப்பதற்கென்றே செய்தவை. ஒன்று கேமரா செய்த கம்பெனியே செய்தது. கைக்கு அடக்கம். பட்டனைத் தொட்டதும் சத்தமில்லாமல் கண்ணில் போய் உட்கார்ந்துகொள்ளும். இன்னொன்று போட்டிக் கம்பெனி. அரைக் கிலோ அரிசிப் பொட்டலம் மாதிரி கனம். கொஞ்சம் முனகி, முன்னே போய், பின்னே வந்து, யோசித்துத்தான் நிற்கும். ஆனால் நின்றுவிட்டால், இமை முடி ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தொட்டுப் பார்க்கலாம். பின்னால் இருக்கிற சுவர் பால் மாதிரிக் கரைந்துவிடும்.

இதை எழுதுகிற கௌதம் பக்கத்து வீட்டுக்காரன்; பத்தாவதை இரண்டு முறை எழுதியும் அது இவனை விடவில்லை. இவன்தான் முதலாவதற்கு எலி என்றும் இரண்டாவதற்கு எருமை என்றும் பேர் வைத்தான்.

"ஏல, அந்த மேட்டுலருந்து என்னைப் பார்த்து நடந்து வா," என்றாள் அக்கா.

"ஹீரோ மாதிரியா, வில்லன் மாதிரியாக்கா?"

"மனுசன் மாதிரி."

இருபது படம் எருமையில், இருபது படம் எலியில். எருமையில் பதினொன்றுதான் தேறியது. ஒன்பதில் கௌதமின் சட்டைக்காலர் அற்புதமாக இருந்தது. எலியில் பதினெட்டு. ஆனால் ஸ்டூலில் உட்காரவைத்து எடுத்தபோது கதை மாறியது. எருமை எடுத்த முகத்தை அக்கா கம்ப்யூட்டரில் ரொம்ப நேரம் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் புரோத்ராபூரிலிருந்து போன். ரிட்டயர்டு கிளார்க் சிவஞானம் தவறிவிட்டார். மகள் திருநெல்வேலியில். அக்கா இரண்டு லென்ஸையும் எடுத்துக்கொண்டு போனாள். கேமரா தானாகக் கண்ணைத் தேடும். மூடிய கண்ணில் அதன் பச்சைக் கட்டம் நிற்காமல் நெற்றிக்கும் மூக்குக்கும் அலைந்தது. அவள் கையால் திருப்பினாள். எலியின் வளையம் பிடி இல்லாமல் வழுக்கியது. எருமையின் வளையம் தேன் மாதிரி, நினைத்த இடத்தில் நின்றது. படம் போய்ச் சேர்ந்தது. ஸ்பீக்கரில் மகளின் குரல் கேட்டது: "அப்பா தூங்குறாப்ல இருக்காங்க. அந்த மச்சம்கூடத் தெரியுது."

வீட்டுக்கு வந்து அக்கா வெண்டைக்காய் நறுக்கினாள். நறுக்கிக்கொண்டே சொன்னாள். "எருமைதாம்ல."

"ஏங்க்கா? நடந்து வந்தப்ப ஒம்பது போச்சே!"

"எங்கிட்ட வாரவங்க யாரும் நடந்து வர்றதில்லையே."

கத்தி பலகையில் டக் டக் என்று அதே தாளத்தில் விழுந்தது.

"அப்ப கிரேசிக்கா கல்யாணம்?"

"அருள்நாதன்கிட்ட வேற ஆளைப் பார்க்கச் சொல்லிருவேன். இந்த லென்ஸை வச்சிக்கிட்டு ஓடுத ஆளைப் பிடிக்க முடியாது. எனக்கும் முடியாது. டீக் ஹை, சரி விடு."

கௌதம் வெண்டைக்காய்க் காம்புகளைப் பொறுக்கிக் குப்பையில் போட்டான்.

புதன்கிழமை அவனே ஒரு யோசனை சொன்னான். "கண்ணை மட்டும் நம்புங்கக்கா. பேரைப் பார்த்து மயங்குறீங்க. ஸ்டூல் படத்துல ரெண்டுலயும் ஆறாறு பிரிண்ட் போடுங்க. பின்பக்கம் நான் எந்த லென்ஸ்னு எழுதுறேன். கலைச்சு வைக்கிறேன். பின்பக்கம் பார்க்காம, நல்லா இருக்கிற ஆறை எடுங்க. எது கூட வருதோ அது."

அக்கா அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். "சரி." பிரிண்ட் எடுத்து, எருமை கட்டு இது, எலி கட்டு இது என்று இரண்டு கட்டாக அவன் கையில் கொடுத்துவிட்டு முன்னறைக்குப் போய்விட்டாள். கௌதம் தரையில் உட்கார்ந்து, எருமையின் முதுகில் எல்லாம் எலி என்று எழுதினான். எலியின் முதுகில் எருமை. அவன் வாழ்க்கையில் ஒரு பரீட்சையை இவ்வளவு அக்கறையாக எழுதியதில்லை.

அக்கா வந்து, பன்னிரண்டில் ஆறைத் தேர்ந்தெடுத்தாள். யோசிக்கவே இல்லை. கௌதம் திருப்பிக் காட்டினான். ஆறில் ஐந்து எலி.

"அரே! பாருங்கக்கா! எலிதான்! எருமை சும்மா உடம்பை வச்சிக்கிட்டு ஏமாத்தியிருக்கு!"

"அப்படியா," என்றாள். போனை எடுத்தாள். "அருள்நாதா, ஞாயித்துக்கிழமை வாரேன்."

வியாழன் காலை டேவிட்டோடு எருமை சென்னைக்குப் போனது.

கல்யாணத்தன்று அக்கா என்ன நினைத்தாள் என்று கேட்டால், மணிக்கட்டு வலித்தது என்பாள். அவ்வளவுதான். கோயிலுக்குள் கிரேசி வந்தபோது பச்சைக் கட்டம் கண்ணில் உட்கார்ந்தது; உட்கார்ந்ததை அவள் பார்த்தாள்; விரல் அமுக்கியது. கிரேசி தும்மினாள், அமுக்கியது. அருள்நாதன் தூணுக்குப் பின்னால் திரும்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார், அதுவும் வந்தது. அழுகிறவர்கள் முகம் இப்படி நெளியும் என்பது அவளுக்கு மறந்துபோயிருந்தது. இவளுக்குள்ளே ஒன்றும் நெளியவில்லை. மரத்துப்போன காலில் தண்ணீர் ஊற்றினால் ஈரம் தெரியும், குளிர்ச்சி தெரியாது. அந்த மாதிரி.

ஆல்பம் போய்ச் சேர்ந்து மூன்றாம் நாள் கிரேசி போன் பண்ணினாள். "அத்தை, நான் இப்படிச் சிரிப்பேனா? எனக்கே தெரியாது." அடுத்த வாரம் வண்டூரிலிருந்து ஒரு ஞானஸ்நானத்துக்குக் கூப்பிட்டார்கள். அதே வாரம் ஒரு துட்டியும். அக்கா இரண்டுக்கும் போனாள்.

துட்டிக்குப் போய் வந்த அன்று சாயங்காலம் கௌதம் அலமாரியில் எரிந்துபோன பல்பை மாற்றிக்கொண்டிருந்தான்.

"ஏல. படத்துக்கு உள்ள எந்த லென்ஸ்னு கேமராவே எழுதி வச்சிரும். கம்ப்யூட்டர்ல ஒரு தட்டு தட்டினா தெரியும். தெரியுமா ஒனக்கு?"

பல்பு கையில் நழுவியது. பிடித்துக்கொண்டான். "அப்படியா? சயின்ஸ் எங்கியோ போயிருச்சுல்லக்கா."

"தட்டிப் பார்க்கக்கூட வேண்டாம். எருமை எடுத்த இமை எனக்குத் தெரியாதா? பதினஞ்சு வருசமா இமையைத்தானே பார்த்துக்கிட்டிருக்கேன்."

"நான் கலைக்கும்போது கை தவறி மாத்தி எழுதியிருப்பேன்..."

அக்கா மேஜை டிராயரிலிருந்து ஒரு பிரிண்டை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். புதன்கிழமை. முன்னறைத் திரையின் இடுக்கு வழியாக எடுத்தது. தரையில் ஒருவன் குனிந்து உட்கார்ந்திருக்கிறான். பல்லுக்கு நடுவில் நாக்கு. கையில் பேனா. ஒரு படத்தின் முதுகில் எலி என்று எழுதி முடித்திருக்கிறான். புறங்கை மூக்கைத் துடைக்கப் பாதி வழியில் மங்கலாக இருக்கிறது. கண் மட்டும் கத்தி மாதிரித் தெளிவு. அதில் தண்ணீர்.

"அது வெங்காயம்," என்றான் கௌதம்.

"அன்னைக்குச் சமைக்கவே இல்லையேல."

அவன் படத்தைத் திருப்பினான். பின்பக்கம் அக்காவின் கையெழுத்தில் ஒரே ஒரு வார்த்தை. எலி.