கட்டைவிரல் பார்க்கிற உத்தியோகம்

1. நாற்காலி

பள்ளியில் நான் வரலாறு நடத்துகிறேன். மாவட்டப் போட்டி வந்தால் லாங் ஜம்ப் மணல் குழிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார்கள். ஓட்டத்துக்கு ஒத்துவராத ஆசிரியர்களுக்கென்றே ஒதுக்கிய இடம் அது. தாவுகிறவரின் கால் கட்டைவிரல், தரையில் பதித்த வெள்ளைப் பலகையின் விளிம்பைத் தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும். தாண்டினால் சிவப்புக் கொடி, இல்லாவிட்டால் வெள்ளை. திண்டுக்கல் வெயிலில் ஒரு மனிதனிடம் இதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அமலியை அங்கேதான் முதலில் பார்த்தேன். அப்போது ஒன்பதாம் வகுப்பு. குஜிலியம்பாறைப் பக்கத்துப் பெண். ஹர்டில்ஸ், அதாவது தடை தாண்டும் ஓட்டம், ஓடுகிறவள். ஆள் குறைந்ததால் லாங் ஜம்ப்பிலும் பெயர் கொடுத்திருந்தார்கள். புயலாக ஓடி வந்தவள், பலகைக்கு ஒரு முழம் முன்னாலேயே எழும்பி, பலகையையும் சேர்த்துத் தாண்டிக் குழியில் விழுந்தாள்.

“ஏம்மா, பலகை மேல கால வச்சுத் தாவணும்.”

“கால் படலாமா சார்?”

“படத்தான போட்டிருக்கு.”

“எங்க ஸ்கூல்ல பட்டா அம்புட்டுதேன் சார். முட்டி பேந்துரும்.”

விசாரித்தேன். அவர்கள் பள்ளி ஹர்டில்ஸ் உள்ளூர் வெல்டிங் பட்டறையில் செய்தது. கால் பட்டால் சாய வேண்டிய பொருள் என்று பட்டறைக்காரரிடம் யாரும் சொல்லவில்லை. அவர் வீட்டு கேட் மாதிரி இரும்புக் குழாயில் அடித்து, சிமென்ட் போட்டு நட்டுக் கொடுத்துவிட்டார். அதில் பழகியவள் தரையில் கிடந்த பலகைக்கும் அதே மரியாதையைக் கொடுத்தாள். அளப்பது பலகையிலிருந்துதான் என்பதால் ஒரு முழம் நஷ்டம். அப்படியும் நான்காவது இடம்.

2. சிவப்பு

அடுத்த வருடம் பலகையை மிதிக்கக் கற்றுக்கொண்டு வந்தாள். கொஞ்சம் அதிகமாகவே கற்றிருந்தாள். முதல் தாவலில் விரல் வெளியே. சிவப்பு. இரண்டாவதும் சிவப்பு. மூன்றாவதும் போனால் மீதி மூன்று தாவல் கிடையாது, ஆட்டத்தை விட்டே வெளியே. முதலிடம் வருகிறவர்தான் மாநிலப் போட்டிக்குப் போக முடியும்.

கயிற்றுக்கு வெளியே நின்ற அவள் அப்பா என்னைக் கூப்பிட்டார்.

“வாத்தியாரே, வெள்ளக் கொடி கொண்டாந்திருக்கீகளா, வீட்லயே வச்சுட்டு வந்துட்டீகளா?”

“இருக்குங்க.”

“அதுக்கும் செத்தக் காத்து படட்டுமே!”

அந்த நேரம் பார்த்து மைக்கில் ஹர்டில்ஸ் இறுதி ஓட்டத்துக்கு அழைத்தார்கள். அவள் பள்ளி பி.டி. டீச்சர் ஓடி வந்தார்.

“அடியே அமலி, ஹர்டில்ஸ விட்டுரு. ஓடிட்டு வந்தா கால்ல என்னடி மிச்சமிருக்கும்?”

“ரெண்டுக்கும்தான டீச்சர் பேரு குடுத்தீக?” என்றவள் என் பக்கம் திரும்பினாள். “மத்தவுக தாவி முடிக்கிறதுக்குள்ள வந்துட்டா விடுவீகளா சார்?”

விதியில் அதற்கு இடம் உண்டு. “வந்துரு” என்றேன்.

3. விளிம்பு

ஹர்டில்ஸில் முதலாவதாக வந்தாள். குழிக்குத் திரும்பியபோது அவளுக்கு முன்னால் இன்னும் ஒரே ஒரு பெண்தான் தாவ வேண்டியிருந்தது. அமலிக்கு மூச்சு இரைத்தது.

“பத்து நிமிஷம் குடுங்க சார்” என்றார் டீச்சர்.

“விதியில அதுக்கு இடமில்ல டீச்சர்.”

டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். அமலி ஓடி வந்தாள். நான் நாற்காலியிலிருந்து விழாத அளவுக்குக் குனிந்தேன். கால் பலகையில் விழுந்தது. விரல் விளிம்போடு நின்றது. விளிம்புக்கு அப்பால் மண்ணில் தடம் ஏதும் இல்லையே என்று பொறுமையாக இன்னொரு முறை பார்த்தேன், அவள் அப்பாவுக்காக. வெள்ளையைத் தூக்கினேன்.

“வாத்தியாருக்குக் கண்ணு நல்லாத்தேன் தெரியுது” என்று கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து சான்றிதழ் வந்தது.

அந்தத் தூரத்தை அன்று யாரும் தாண்டவில்லை. அவளும்தான். நிழலில் உட்கார்ந்து, நன்றாக ஓய்வெடுத்துவிட்டு வந்து தாவிய மீதி மூன்றும் சிவப்பு. டீச்சரும் நானும் யோசித்ததில் ஒன்று புரிந்தது: களைப்பில் அவளுடைய ஒவ்வொரு காலடியும் கொஞ்சம் குறுகியிருக்கிறது. வெளியே போய்க்கொண்டிருந்த விரல் அதனால்தான் உள்ளே நின்றது.

இரண்டிலுமே மாநிலப் போட்டிக்குப் போனாள். லாங் ஜம்ப்புக்கு முன்னால் ஹர்டில்ஸை வைப்பார்களா என்று டீச்சர் அங்கே போய் விசாரித்ததாகக் கேள்வி.

பரீட்சைக்கு முன் நன்றாக ஓய்வெடுங்கள் என்று மாணவர்களிடம் சொல்வதை நான் அன்றோடு விட்டேன். வரலாற்றுக்கு முதல் நாள் கணக்குப் பரீட்சையை வைத்துப் பார்க்கலாமே என்று தலைமையாசிரியரிடமும் சொல்லியிருக்கிறேன். அவர் என்னைக் கொஞ்ச நாள் ஓய்வெடுக்கச் சொல்கிறார்.