சுய்மென் கேட்ட இன்னொரு பிடி

அந்த இரண்டு பெண் பிள்ளைகளும் சுய்மென் பெற்றவர்கள் அல்ல. ஆனால் ஆறு வருடம் அவள்தான் சோறு போட்டாள், பேன் பார்த்தாள், காய்ச்சல் வந்தால் மடியில் போட்டுக்கொண்டு கிடந்தாள். அவர்களைப் பெற்றவன் திரும்பி வந்தபோது ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டிருந்தால், பிள்ளைகள் இன்றைக்கும் அவளோடுதான் இருந்திருப்பார்கள். வாயை மூடிக்கொண்டிரு என்று படித்துப் படித்துச் சொன்னவள் நான். போதகரின் மனைவி சொல்லக்கூடிய புத்தியா இது என்று கேட்காதீர்கள். கேட்க வேண்டியவர் மேலே இருக்கிறார், கேட்டுக்கொள்ளட்டும்.

பர்மாவில் எங்கள் சின் மலையில் உலை வைக்கிற பெண், வேளாவேளைக்குக் களையப்போகும் அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து அடுப்படியில் இருக்கும் தகர டப்பாவில் போட்டுவிடுவாள். அது ஆண்டவருடைய பிடி. சனிக்கிழமை மத்தியானத்துக்குமேல் சுய்மென் நெற்றியில் வாரை மாட்டி, முதுகுக் கூடையோடு வீடு வீடாக வந்து டப்பாக்களைக் கவிழ்த்துக்கொண்டு போவாள். ஊழியக்காரர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் போகிற அரிசி அது.

அவளுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். காடு வெட்டும்போது மரம் சாய்ந்து புருஷன் போய்விட்டான், குழந்தை கிடையாது. குட்டையாக, அழுத்தமாக இருப்பாள். பேச்சு, நடை எல்லாமே நிதானம். ஞாயிற்றுக்கிழமை பாட்டை எல்லோரும் முடித்த பிறகும் அவள் மட்டும் கடைசி வரியைப் பாடிக்கொண்டிருப்பாள். பிரசங்கத்தை ஆரம்பிக்க முடியாமல் என் வீட்டுக்காரர் மேடையில் தொண்டையைச் செருமிக்கொண்டு நிற்பார்.

அவளிடம் ஒரு வித்தை இருந்தது. அது எனக்கு மட்டும்தான் தெரியும். டப்பாவைக் கையில் வாங்கின உடனே, போன வாரத்தைவிட இது எத்தனை பிடி குறைவு என்று அவளுக்குத் தெரிந்துவிடும். குறைந்தால் அந்த வீட்டில் கஷ்டம் என்று அர்த்தம். ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். திங்கட்கிழமை விடிவதற்குள் அந்த வீட்டு விறகு அடுக்கின் கீழே இலையில் கட்டின அரிசிப் பொட்டலம் ஒன்று இருக்கும். யார் வைத்தது என்று அவர்களும் கேட்க மாட்டார்கள். பட்டினியை வெளியே காட்டினால் மானம் போச்சு என்று நினைக்கிற ஊர் எங்களுடையது.

பிறகு மூங்கில் பூத்தது. பூத்தால் அதன் விதையைத் தின்று எலி பெருகும்; பெருகியது. ஒரே இரவில் மலைச்சரிவு முழுக்க நெல்லும் சோளமும் போயிற்று. எந்த வீட்டு டப்பாவிலும் பழைய கனம் இல்லை. சுய்மெனும் நானும் சபை அரிசியை வைத்துக்கொண்டு, இந்த வாரம் எந்த வீடு, அடுத்த வாரம் எந்த வீடு என்று மண்டையை உடைத்துக்கொண்டோம். "நம்ம சபையில ஒருத்தரும் பசியில சாகக்கூடாது பாஸ்டரம்மா" என்று அவள் தினமும் சொல்வாள். எனக்கே சலித்துவிடும்.

ஒரே ஒரு வீட்டு டப்பா மட்டும் குறையவில்லை. அது பார்தியாலின் வீடு. அவள் புருஷன் செவ்பிக் மலேசியாவில் கட்டட வேலையில் இருந்தான். பார்தியாலுக்கு வாய் நீளம். சிரிப்பு அதைவிட நீளம். சுய்மெனைப் பார்த்தாலே ஆரம்பித்துவிடுவாள்.

"வந்துட்டாடி வரி வசூல்காரி! ஏன்க்கா, உன் கூடைக்கு அடி இருக்கா இல்லையா? எத்தனை போட்டாலும் ரொம்ப மாட்டேங்குது!"

ஒரு சனிக்கிழமை நானும் கூடப் போயிருந்தேன். இரண்டு வீட்டில் அடுப்பே புகையவில்லை. கையில் அரிசி போதவில்லை. பார்தியாலின் டப்பா மட்டும் வழக்கம்போலத் தளும்பியது. சுய்மென் அதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"உன் வீட்டுல குறையில்ல தங்கச்சி. வேளைக்கு இன்னொரு பிடி சேத்துப் போடேன்."

பார்தியால் அடுப்படியில் இருந்த தன் பிள்ளைகள் இரண்டையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். இப்போது நினைத்தால் அந்தப் பார்வைதான் நெஞ்சை அறுக்கிறது. அப்புறம் சிரித்தாள்.

"ஆண்டவர் கேட்டா யோசிக்கலாம். நீ கேட்டா விடவா போறே? போடுறேன் போ."

வெளியே வந்ததும், "நல்லவேளை கேட்டே" என்று சுய்மெனின் முதுகில் தட்டிக்கொடுத்தேன். தட்டியது இந்தக் கைதான்.

மூன்று வாரம் அந்த டப்பா இரட்டைக் கனத்தோடு வந்தது. நாலாவது வாரம் வியாழக்கிழமை பார்தியால் செத்துப்போனாள்.

காட்டுக்கிழங்கு. அதைச் சீவி ஓடைத் தண்ணீரில் மூன்று நாள் போட்டுவைத்தால்தான் விஷம் இறங்கும். அவளுக்குப் பசி பொறுக்கவில்லை; இரண்டாம் நாளே எடுத்து அவித்துத் தின்றிருக்கிறாள். துக்க வீட்டில் சமைக்கப் போன பெண்கள் நெல்லுக்கூடையைத் திறந்தார்கள். உள்ளே தூசிதான் இருந்தது. மூத்தவள் டாவ்சினுக்கு ஒன்பது வயது. நான்தான் அவளைக் கேட்டேன், அம்மா என்ன சாப்பிட்டாள் என்று.

"அம்மாவுக்குக் கிழங்கு. எனக்கும் லீடியாவுக்கும் சோறு. அப்புறம் ஆண்டவருக்கு" என்றாள் அந்தக் குழந்தை.

பிறகுதான் தெரிந்தது, பேப்பர் இல்லையென்று செவ்பிக்கை மலேசியாவில் பிடித்து உள்ளே போட்டு அப்போதே எட்டு மாதம் ஆகியிருந்தது. அங்கிருந்து ஒரு காசோ ஒரு சேதியோ வரவில்லை. அவள் கீழ் ஊருக்குச் சுமை தூக்கப் போய்க் கூலியாக அரிசி வாங்கி வந்து, பிள்ளைகளுக்கும் சபைக்கும் போட்டிருக்கிறாள். அந்த வாரத்து டப்பா அடுப்படியில் இருந்தது, முக்கால்வாசி நிறைந்து.

சாவு விழுந்தால் ஊரில் ஒவ்வொரு வீடும் கொஞ்சம் அரிசி கொண்டுவந்து வைப்பது வழக்கம். அந்தப் பஞ்சத்திலும் கொண்டுவந்தார்கள். கூடத்து மூலையில் அது குவியலாகக் கிடந்தது. சுய்மென் அதற்கு எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அழவில்லை. பெட்டியை எடுக்கும்போதும் அந்த அரிசியையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அடக்கம் முடிந்ததும் மூன்று வயது லீடியாவை இடுப்பில் தூக்கிக்கொண்டாள், டாவ்சினைக் கையில் பிடித்துக்கொண்டாள், தன் வீட்டுக்கு நடந்தாள். யாரையும் கேட்கவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து சுய்மென் வேறு ஆள். டப்பாவை வாங்குவதற்கு முன்னால் நேரே அடுப்படிக்குள் போய்ப் பானையைத் திறந்து பார்ப்பாள். எங்கள் ஊரில் அடுத்தவர் பானை மூடியைத் தொடுவது அடிப்பதற்குச் சமம். திட்டினார்கள், கதவைச் சாத்தினார்கள். சபை மூப்பர் ஒருவர் வீட்டம்மாள் அகப்பையால் கையில் ஒன்று போட்டாள். "அடிங்க. தொறந்து காட்டிட்டு அடிங்க" என்றாள் இவள். அந்தப் பஞ்சத்தில் பிறகு யாரும் சாகவில்லை. அதை ஆறுதல் என்று அவளிடம் ஒருநாள் சொல்லப் போய், முறைப்பு வாங்கிக்கொண்டு வந்தேன்.

பிள்ளைகள் வளர்ந்தார்கள். லீடியாவுக்கு வேறு அம்மாவைத் தெரியாது; பாட்டில் கடைசி வரியை இழுப்பதில் அவளும் சேர்ந்துகொண்டாள். சுய்மென் சிரிப்பதையே அந்தப் பெண்ணால்தான் நான் மறுபடி பார்த்தேன்.

ஆறாவது வருடம், வருகிறேன் என்று செவ்பிக்கிடமிருந்து சேதி வந்தது. அன்றே சுய்மென் என்னிடம் வந்தாள்.

"அவர்கிட்ட சொல்லிரணும், பாஸ்டரம்மா."

"என்னத்தச் சொல்லப்போறே? கிழங்கு தின்னு செத்தா. அதான் நடந்தது. அது அவனுக்கே தெரியும்."

"நான் கேட்டது தெரியாதே."

"தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? செத்தவ எழுந்து வரப்போறாளா? புள்ளைங்கள இழுத்துட்டுப் போயிருவான்டி. பைத்தியமா உனக்கு?"

"அதுக்காகத்தான் சொல்லாம இருந்தேன்னு ஆயிரும்ல?" என்றாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பிள்ளைகளுக்காக மட்டும் நான் பேசவில்லை என்பது அவளுக்குத் தெரிந்ததோ என்னவோ.

செவ்பிக் வந்தான். ஆள் பாதியாகியிருந்தான், முன்பற்கள் இல்லை. மனைவியின் கல்லறைக்குப் போய்விட்டு நேரே சுய்மென் வீட்டுக்கு வந்து ஒரு கம்பளியை அவள் காலடியில் வைத்தான். என் வீட்டுக்காரரும் நானும் ஜெபம் பண்ண அங்கே போயிருந்தோம்.

"அக்கா, நீங்க இல்லேன்னா என் புள்ளைங்க இல்ல. அவங்க உங்ககிட்டயே இருக்கட்டும். நான் கீழே காலே டவுன்ல வேலை பாத்துட்டு வந்து வந்து போறேன். உங்களை எங்கேயும் விட மாட்டோம்."

லீடியா சுய்மெனின் தோளில் தொங்கிக்கொண்டிருந்தாள். அதற்குமேல் என்ன வேண்டும்? நான் கண்ணாலேயே கெஞ்சினேன். சுய்மென் லீடியாவின் கையை மெல்ல எடுத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"தம்பி, டப்பா ரொம்பித்தான் இருந்துச்சு. அதை வெச்சு உங்க வீட்டுல இருக்குதுன்னு நெனச்சேன். இன்னொரு பிடி போடுன்னு பார்தியால்கிட்ட நான் கேட்டேன். அதுக்கு அப்புறம் மூணு வாரம் போட்டா. அவ்ளோதான் அவ இருந்தா. கேட்டது நான்தான்."

நான்தான் என்றாள், நாங்கள் என்று சொல்லவில்லை. ஒரே ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் நானும் அவள் பக்கத்தில் நின்றிருப்பேன். அவள் சொல்லாவிட்டால் என்ன, நானே எழுந்து சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. இருபது வருடமாகப் பெண்கள் கூட்டத்தில் பிரசங்கம் பண்ணுகிற வாய்.

செவ்பிக் எழுந்தான். பிறகு டாவ்சினைப் பார்த்து, "துணியெல்லாம் எடுத்து வை" என்றான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் காலே போகிற வண்டி வந்தது. பிள்ளைகளின் மூட்டையை சுய்மென்தான் முதுகில் சுமந்து ரோட்டுக்குக் கொண்டுபோனாள். டாவ்சின் அவள் முகத்தைப் பார்க்காமலே ஏறி உட்கார்ந்தாள். லீடியா வண்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நான் என்ன செஞ்சேன்? நான் என்னம்மா செஞ்சேன்?" என்று அலறினாள். வளைவு திரும்பிய பிறகும் அந்தச் சத்தம் கேட்டது.

அன்று சாயங்காலம் மனசு கேட்காமல் அவள் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அவள் அடுப்பருகே உட்கார்ந்திருந்தாள். பானையில் மூன்று பேருக்குச் சோறு இருந்தது; கை பழக்கத்தில் போட்டுவிட்டாள் போல. என்னைக் கண்டதும் ஒரு தட்டை எடுத்து என் பக்கம் நகர்த்தினாள்.

"உக்காருங்க பாஸ்டரம்மா. வீணாப் போயிரும்."

நான் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. இருவருமாகச் சாப்பிட்டோம், என்னால் முடிந்தவரை சாப்பிட்டேன், அப்படியும் லீடியாவின் பங்கு பானையில் மீந்துவிட்டது.